வலி தீர்த்த கைகள்

பல் பிடுங்குதல் இன்று அரைமணி நேரத்து அலுவல். வைத்தியர் முரசிலே ஊசி ஏற்றுகிறார், சில நிமிடங்களில் உதடு தடிக்கிறது, நாக்கு மரத்துப்போகிறது, அதன் பின்னர் குறடு தன் வேலையைச் செய்கிறது. நோயாளி எழுந்து தன்பாட்டில் வீடு செல்கிறார். இதிலே வியத்தற்கு யாதுமில்லை என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆயின், மனித குலம் இந்நிலையை எய்தி ஒன்றரை நூற்றாண்டு கூட இன்னும் நிறைவுறவில்லை. அதற்கு முன்னர் வாழ்ந்தோர் அனைவரும், அரசராயினும் ஆடு மேய்ப்பவராயினும், இரண்டில் ஒன்றையே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது: ஒன்று, பல்வலியோடு வாழ்தல், மற்றது, அதனினும் கொடிய வலியை நினைவு தப்பாத நிலையிலேயே தாங்குதல்.

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? வைத்திய நூல்கள் இரண்டொரு பெயர்களைக் கூறி அமைகின்றன. இன்னார் கண்டுபிடித்தார், இந்த ஆண்டிலே கண்டுபிடித்தார் என்பதோடு அவற்றின் வரலாறு முடிந்துவிடுகிறது. அப்பெயர்களுக்குப் பின்னால் நிற்கும் உழைப்பு எத்தகையது, அவ்வுழைப்பின் பயன் யாருடைய உடைமையாயிற்று, வலியால் துடித்தவனை அது எப்போது சென்றடைந்தது என்னும் வினாக்களை அவை எழுப்புவதில்லை. இக்கட்டுரையிலே நாம் எழுப்ப விழைவன அவ்வினாக்களே.

ஐரோப்பாவிலே பல நூற்றாண்டுகளாகப் பல் பிடுங்கும் தொழில் நாவிதரிடமும் சந்தைகள்தோறும் சுற்றித் திரிந்த பல் பிடுங்கிகளிடமும் இருந்தது. சந்தையின் நடுவே மேடை போட்டு, முரசறைந்து, ஊதுகுழல் ஊதி ஆட்களைக் கூட்டுவார்கள். வாத்திய முழக்கத்தினால் இரண்டு நன்மைகள் விளைந்தன: கூட்டமும் சேர்ந்தது, நோயாளியின் அலறலும் அமுங்கிப்போயிற்று. வலியை நீக்க வழியறியாத காலத்திலே அதன் ஒலியை மறைப்பதே தொழில் நுட்பமாக விளங்கிற்று. இவ்வழக்கம் அத்துணை விரைவில் மறைந்துவிடவுமில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அமெரிக்காவில் பார்க்கர் என்னும் பல் வைத்தியர் வாத்தியக் குழுவொன்றுடன் தெருத்தெருவாகச் சென்று தொழில் நடத்தினார். 1915ஆம் ஆண்டிலே ‘வலியற்ற’ என்னும் அடைமொழியைச் சட்டப்படி தம் பெயராகவே மாற்றிக்கொண்டார்.

வலி எல்லார்க்கும் பொதுவாயினும், ஒருவருடைய வலியை மற்றொருவர் விலைகொடுத்து வாங்கக்கூடிய சமுதாயமும் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனிலே, பல்லிழந்த செல்வர்கள் ஏழைகளின் நல்ல பற்களைக் காசு கொடுத்துப் பிடுங்குவித்துத் தம் வாயிலே நட்டுக்கொண்டனர். புகழ்பெற்ற சத்திர வைத்தியரான ஜோன் ஹண்டர் 1771இல் மனிதப் பற்களைப் பற்றி வெளியிட்ட நூலும் இம்முறைக்கு ஆதரவளித்தது. 1787இல் ஓவியர் ரோலண்ட்சன் இக்கொடுமையைக் கேலிச்சித்திரமாகத் தீட்டினார். புகைபோக்கி துடைக்கும் சிறுவன் பல்லைப் பறிகொடுக்கிறான். பட்டாடை உடுத்த சீமாட்டி அதனைப் பெறுவதற்குப் பக்கத்திலே காத்திருக்கிறாள். இவ்வாறு நட்ட பற்கள் பெரும்பாலும் நெடுநாள் நிலைக்கவில்லை. நோய்களையும் அவை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கடத்தின. ஆனால், விறைப்பு மருந்தெதுவுமின்றி அச்சிறுவன் பட்ட நோவுக்குச் சில நாணயங்களே விலையாயின என்பதை நாம் மறந்துவிடலாகாது.

வலியை நீக்கும் வழி விஞ்ஞானிகளின் கைக்கு எட்டியதும் அது மக்களைச் சென்றடைந்துவிட்டது என்று கருதினால் அது தவறாகும். ஆங்கிலேய இரசாயன அறிஞர் ஹம்பிரி டேவி, நைத்திரசு ஒட்சைட்டு என்னும் வாயுவைத் தாமே சுவாசித்துப் பரிசோதித்தார். ஞானப்பல் முளைக்கும்போது தமக்கு உண்டான நோவு அதனால் தணிந்ததைக் கண்டார். இவ்வாயு சத்திரசிகிச்சைகளிலும் பயன்படக்கூடும் என்று 1800ஆம் ஆண்டிலே அச்சிலேற்றினார். எனினும், நாற்பத்துநான்கு ஆண்டுகள் அவ்வாக்கியம் நூலிலேயே உறங்கிக் கிடந்தது. இடைப்பட்ட காலத்திலே அவ்வாயு வீணே கிடந்ததா? இல்லை. சீமான்களும் மாணவர்களும் அதனை முகர்ந்து சிரித்துக் களித்தனர். கட்டணம் பெற்றுக் காட்சிகள் நடத்தப்பட்டன. ‘சிரிப்பு வாயு’ என்னும் பெயரும் அதற்கு வழங்கலாயிற்று. கேளிக்கைக்குப் பயன்பட்ட பொருள் வேதனைக்குப் பயன்படாமற் போனமைக்குக் காரணம் அறிவுக்குறை மாத்திரம் அன்று. வலி இயற்கையின் நியதி, அதனைத் தாங்குதலே மனிதனின் கடன் என்ற எண்ணம் அன்றைய சமுதாயத்தில் வேரூன்றியிருந்தது.

அவ்வெண்ணத்தை முதலில் உடைத்தவர்கள் பல்கலைக்கழகப் பேராசிரியர்களல்லர். மதிப்பிற் குறைந்தவர்களாகக் கருதப்பட்ட பல் வைத்தியர்கள். இதற்குப் பொருளாதாரக் காரணம் ஒன்றுண்டு. கால் அழுகியவன் சத்திர வைத்தியரை விட்டு ஓட இயலாது. ஓடினால் உயிர் போகும். பல்வலிக்காரனோ வைத்தியரின் வாசற்படி வரை வந்து, உள்ளிருந்து வரும் அலறலைக் கேட்டுத் திரும்பிப் போய்விடலாம். எனவே, நோயாளியின் அச்சம் பல் வைத்தியரின் வருமானத்தை நேரே தாக்கிற்று. பொஸ்டன் நகரில் மோர்ட்டன் என்பவர் பொய்ப்பல் கட்டும் தொழிலைப் பெருக்க முனைந்தார். அவருடைய முறைப்படி பொய்ப்பல் பொருத்துமுன் பழைய வேர்களையெல்லாம் பிடுங்கியாக வேண்டும். அவ்வேதனையைத் தாங்குவார் அரிது. வலியை நீக்கும் மருந்தைத் தேடும்படி அவரைத் தூண்டியது இத்தொழில் நெருக்கடியே.

1844ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆந் திகதி, ஹாட்போட் நகரிலே நடைபெற்ற சிரிப்பு வாயுக் காட்சியொன்றில், வாயுவை முகர்ந்த ஒருவர் காலிற் காயம்பட்டும் அதனை உணராதிருந்ததைப் பல் வைத்தியர் ஹொரஸ் வெல்ஸ் கண்டார். மறுநாளே தாம் அவ்வாயுவை முகர்ந்து, தம் பல்லைச் சக வைத்தியர் ஒருவரைக் கொண்டு பிடுங்குவித்தார். நோவு தெரியவில்லை. ஆனால், 1845 ஜனவரியில் பொஸ்டனிலே அவர் நடத்திய பரிசோதனையின்போது வாயுப்பை உரிய நேரத்துக்கு முன்னரே அகற்றப்பட்டமையால் நோயாளி கத்திவிட்டார். கூடியிருந்தோர் ஏமாற்று வித்தை என்று எள்ளி நகையாடினர். வெல்சிடம் தொழில் பழகியவரும் பின்னர் அவருடைய கூட்டாளியாயிருந்தவருமான மோர்ட்டன், 1846 செப்டெம்பர் 30இல் ஈதரை முகரச் செய்து ஒருவரின் பல்லை நோவின்றிப் பிடுங்கினார். ஒக்டோபர் 16இல் அதே நகரின் பெரிய வைத்தியசாலையில் நடைபெற்ற சத்திரசிகிச்சையிலும் வெற்றி கண்டார்.

அடுத்து நிகழ்ந்ததே நம் கவனத்துக்குரியது. ஈதர் எவருக்கும் தெரிந்த பழம் பொருள். மோர்ட்டன் அதற்கு நிறமும் மணமும் ஊட்டி, ‘லீத்தியொன்’ எனப் புதுப்பெயர் சூட்டி, 1846 நவம்பர் 12இல் ஆக்கவுரிமைப் பத்திரமும் பெற்றுக்கொண்டார். வலியின்மைக்கு வேலி போட முயன்றார் எனலாம். வேலி நிற்கவில்லை, மணமே உண்மையைக் காட்டிக்கொடுத்தது. மோர்ட்டனுக்கு ஆலோசனை கூறிய ஜாக்சன் என்னும் இரசாயன அறிஞரும், வெல்சும், 1842ஆம் ஆண்டிலேயே ஜோர்ஜியாவில் ஈதரைப் பயன்படுத்திய லோங் என்னும் நாட்டுப்புற வைத்தியரும் உரிமைப் போட்டியிற் கலந்தனர். வெல்ஸ் 1848இல் நியூயோர்க் சிறையிலே தற்கொலை செய்துகொண்டார். மோர்ட்டன் வழக்காடி வறுமையுற்று 1868இல் மாண்டார். ஜாக்சன் தம் இறுதி ஆண்டுகளை மனநோயாளர் விடுதியிற் கழித்து 1880இல் மறைந்தார். இவர்களைத் தனிமனிதரின் பேராசை அழித்தது என்று கூறி அமைவது எளிது. பலருடைய அறிவாற் பிறந்த ஒன்றை ஒருவருடைய உடைமையாக்கும் முறைமையே அப்பேராசைக்கு ஊற்றாயிருந்தது.

ஈதரும் சிரிப்பு வாயுவும் ஆளையே மயக்கிவிடுவன. ஒரு பல்லுக்காக முழு மனிதனையும் உறங்க வைப்பது ஆபத்தானது, செலவும் மிக்கது. நோவுள்ள இடத்தை மட்டும் விறைக்கச் செய்யும் மருந்தே வேண்டப்பட்டது. அது கிடைத்த இடம் ஐரோப்பாவன்று. தென்னமெரிக்காவின் அந்தீசு மலைத்தொடர்.

அம்மலைகளின் ஆதிக்குடிகள் கொக்கா என்னும் செடியின் இலையைச் சுண்ணாம்புடன் சேர்த்து, நம்மவர் வெற்றிலையை அடக்குவது போலக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் வழக்கமுடையோர். பசியையும் களைப்பையும் அது தணித்தது. நாட்டைக் கைப்பற்றிய ஸ்பானியருட் சமயத்தலைவர்கள் முதலில் அதனைப் பேயின் இலை என்று கண்டித்தனர். ஆனால், 1545இல் பொத்தோசி மலையிலே வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டபின், கட்டாய வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்ட சுதேசிகள் அந்த இலையின்றிச் சுரங்கத்திலே உழைக்க மாட்டார்கள் என்பது தெளிவாயிற்று. கண்டனம் தளர்ந்தது, இலையின் மீது வரி விதிக்கப்பட்டது, கூலியின் ஒரு பகுதியாகவும் இலையே கொடுக்கப்பட்டது. பேயின் இலை வெள்ளியைப் பெருக்கும் இலையாகியதும் அதன் பாவம் தீர்ந்தது போலும்! அவ்விலையை மென்றால் பல்வலி தணியும் என்பதையும் அம்மக்கள் அறிந்திருந்தனர். பேர்ணபே கோபோ என்னும் யேசுசபைத் துறவி இதனை 1653ஆம் ஆண்டளவில் எழுதிவைத்தார். எனினும், அடிமைப்படுத்தப்பட்ட மக்களின் அறிவை ஐரோப்பிய வைத்தியம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பொருட்படுத்தவில்லை.

1857இல் ஒஸ்திரியாவின் ‘நொவாரா’ என்னும் கப்பல் உலகைச் சுற்றி ஆராயப் புறப்பட்டது. 1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் காலித் துறைமுகத்திலும் நங்கூரமிட்ட கப்பல் அது. அதிற் பயணஞ்செய்த ஷேர்சர் என்னும் அறிஞர் பெருவிலிருந்து பெற்ற கொக்கா இலைகள் ஜேர்மனியின் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றன. அங்கே அல்பேர்ட் நீமன் என்னும் இளம் மாணவர் அவற்றின் சாரத்தைப் பிரித்தெடுத்துக் கொக்கெயின் எனப் பெயரிட்டு, 1860இல் ஆய்வுரை வெளியிட்டார். அதனை நாவில் வைத்தால் உணர்விழக்கிறது என்பதையும் குறித்தார். மறு ஆண்டே அவர் இறந்தார். 1868இல் பெரு நாட்டு வைத்தியர் மொரேனோ இ மாயிசும், 1880இல் ருஷ்ய அறிஞர் வசீலி அன்ரெப்பும் இப்பொருளின் விறைக்கச் செய்யும் ஆற்றலை ஆராய்ந்து எழுதினர். அன்ரெப் தம் தோலின் கீழே அதனை ஏற்றி, ஊசியாற் குத்திப்பார்த்து, உணர்வின்மையைக் கண்டார்.

இவ்வளவு பேர் வகுத்த பாதையிலேதான் 1884இல் வியென்னாவின் இளம் கண் வைத்தியர் கார்ல் கொல்லர் நடந்தார். கொக்கெயின் கரைசலைக் கண்ணில் இட்டால் நோவின்றிச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்று அவர் நிறுவினார். அக்கண்டுபிடிப்பு செப்டெம்பர் 15இல் ஹைடல்பேர்க் மாநாட்டிலே அறிவிக்கப்பட்டபோது கொல்லர் அங்கிருக்கவில்லை. பயணத்துக்குப் பணமில்லாமையால் அவருடைய கட்டுரையை வேறொருவர் வாசித்தார். யூதராகப் பிறந்த கொல்லரை அடுத்த ஆண்டிலே சக வைத்தியர் ஒருவர் இனப்பெயர் சொல்லி இழித்துரைத்தார். அதனால் வாட்போரும் நிகழ்ந்தது. வியென்னாவிலே தமக்கு எதிர்காலமில்லை எனக் கண்ட அவர், ஈற்றில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். கண்ணின் நோவைத் தீர்த்தவருக்கு இன வெறுப்பின் நோவைத் தீர்க்கும் மருந்து கிடைக்கவில்லை.

அவ்வாண்டு முடியுமுன்னரே அம்மருந்து பல் வைத்தியத்துள் நுழைந்தது. நியூயோர்க்கில் ஹால்ஸ்டெட், ஹோல் என்னும் இரு சத்திர வைத்தியர்கள், தாடைக்குச் செல்லும் நரம்பின் அருகே கொக்கெயினை ஊசியால் ஏற்றினால், அந்நரம்பு பரவிய பகுதி முழுவதும் விறைத்துப்போவதைக் காட்டினர். இன்று ஒவ்வொரு பல் வைத்தியரும் பயன்படுத்தும் முறையின் அடிப்படை அதுவே. அவர்கள் பரிசோதனை செய்தது தம் சொந்த உடல்களிலும் தம் மாணவர் உடல்களிலுமாகும். அதற்குரிய விலையையும் அவர்கள் கொடுத்தனர். ஹால்ஸ்டெட் கொக்கெயினுக்கு அடிமையாகி, அதிலிருந்து மீளும் பொருட்டு மோர்பினுக்கும் அடிமையானார்.

கொக்கெயினின் தேவை பெருகவே, கொக்கா தோட்டப் பயிராயிற்று. ஒல்லாந்தர் அதனை ஜாவாவிலே பெருமளவிற் பயிரிட்டனர். முதலாம் உலகப் போர்க் காலமளவில் ஜாவாவின் ஏற்றுமதி பெருவை விஞ்சிவிட்டது. தேயிலை, இறப்பரின் வரலாற்றை அறிந்த நமக்கு இது புதுமையன்று. ஆதிக்குடிகளின் செடி அந்நியக் குடியேற்றத் தோட்டத்துக் கூலியின் கையால் பறிக்கப்பட்டு, ஐரோப்பியத் தொழிற்சாலையிலே மருந்தாயிற்று. ஆனால் அம்மருந்து நச்சுத்தன்மை வாய்ந்தது. அளவு மிஞ்சியதாற் பல் வைத்தியரின் நாற்காலியிலேயே உயிரிழந்தோரும் உளர்.

நஞ்சில்லாத மாற்றுப் பொருளைத் தேடிய மியூனிக் நகரத்து இரசாயன அறிஞர் அல்பிரெட் ஐன்ஹோர்ன், 1904இல் புரொக்கெயினைச் செயற்கையாக உண்டாக்கினார். ஹெக்ஸ்ட் கம்பனி அதனை ‘நொவொக்கெயின்’ என்னும் வியாபாரப் பெயரில் விற்றது. ஹைன்ரிக் பிரவுன் என்னும் சத்திர வைத்தியர், குருதிக்குழாய்களைச் சுருக்கும் அதிரனலினை விறைப்பு மருந்தோடு கலந்தால், மருந்து இடம்விட்டுப் பரவாமல் நெடுநேரம் நிற்கும் எனக் காட்டினார். அந்த அதிரனலினைப் பளிங்குருவில் முதலில் பிரித்தெடுத்தவர்கள் தக்காமினே, உவேனக்கா என்னும் ஜப்பானியர். பெருவின் இலையும், ஜேர்மனியின் இரசாயனமும், ஜப்பானியரின் கைத்திறனும் ஒரே ஊசிக்குழலிலே கலந்தன. எந்த ஒரு நாடும் இதனைத் தன் தனிச் சாதனை என்று கூறிக்கொள்ள இயலாது.

ஆயினும், மருந்தின் உரிமை ஒரு கம்பனியிடமே இருந்தது. முதலாம் உலகப் போர் மூண்டதும் ஜேர்மனியிலிருந்து மருந்து வருவது தடைப்பட்டது. அமெரிக்கா போரிலிறங்கிய 1917இல் பகைவரின் ஆக்கவுரிமைகளை மீறுவதற்குச் சட்டமே வழி செய்தது. உள்ளூர்த் தொழிற்சாலைகள் அதே பொருளைப் புரொக்கெயின் என்னும் பொதுப்பெயரிலே செய்யலாயின. நேற்றுவரை புனிதமெனப் போற்றப்பட்ட உடைமையுரிமை, போர் வந்ததும் ஒரே நாளிற் காகிதமாயிற்று. போருக்காகச் செய்யக்கூடியதை நோயாளிக்காக ஏன் செய்ய இயலவில்லை என்று எவரும் அன்று கேட்கவில்லை.

இன்று உலகெங்கும் வழங்கும் லிடொக்கெயின் (நம் நாட்டார் பெரிதும் லிக்னொக்கெயின் என்பர்) சுவீடனிலே பிறந்தது. பார்லிப் பயிரின் ஒரு வகையிற் பூச்சிகளை எதிர்க்கும் பொருளை ஆராய்ந்த ஸ்டொக்கோம் விஞ்ஞானிகளுள் ஒருவரான ஏர்ட்மன், 1935இல் தாம் உண்டாக்கிய பொருளொன்றை நாவில் வைத்துப் பார்த்தபோது நாக்கு விறைத்தது. அந்த இழையைப் பற்றிச் சென்ற நீல்ஸ் லோஃப்கிரென் பல பொருள்களை உண்டாக்கி, 1943இல் வெற்றி கண்டார். அவருடைய இளம் துணைவர் பெங்ட் லுண்ட்குவிஸ்ட், நூல்களை இரவல் வாங்கிப் படித்து, அம்மருந்தைத் தம் உடம்பிலேயே ஏற்றிச் சோதித்தார். அஸ்திரா கம்பனி உரிமையை வாங்கி, 1948 முதல் ‘சைலொக்கெயின்’ என்ற பெயரில் விற்றுப் பெருவளம் கண்டது. லுண்ட்குவிஸ்ட் 1953இல் இளம் வயதிலேயே மறைந்தார்.

இம்மருந்துகளின் செயல் யாதென்பதைப் பிற்கால ஆராய்ச்சி விளக்கிற்று. சோடியம் அயன்கள் நரம்பிழையின் நுண்ணிய வாயில்களூடாக உட்பாய்வதனாலேயே நோவின் செய்தி நரம்பு வழியே ஓடுகிறது. விறைப்பு மருந்து அவ்வாயில்களை அடைத்துவிடுகிறது; பல்லிலே நோவுக்குரிய காரணம் இருந்தும் மூளைக்குச் செய்தி எட்டுவதில்லை. ஆனால், சீழ் கட்டி வீங்கிய இடத்தில் அமிலத்தன்மை மிகுவதால் மருந்து நரம்பினுள் எளிதிற் புகுவதில்லை. இவ்விரசாயன உண்மைக்குச் சமுதாயப் பொருளும் உண்டு. பல்லிலே கறுப்புப் புள்ளி தோன்றியதுமே வைத்தியரிடம் செல்ல வசதியுள்ளவருக்கு ஊசி நன்கு வேலை செய்கிறது. ஒரு நாட் கூலியை இழக்க இயலாமல், கிராம்பையும் உப்புநீரையும் நம்பி, கன்னம் வீங்கும் வரை காத்திருந்த தொழிலாளிக்கோ அதே ஊசி பாதியளவே பயன் தருகிறது. ஒரே மருந்து, ஒரே அளவு. எனினும் வலி ஒன்றன்று.

ஆகவே, மருந்தைக் காண்பது ஒரு படி. அதனை மக்களிடம் சேர்ப்பது மறு படி. நியூசிலாந்திலே, முதலாம் உலகப் போரிற் படைக்குச் சேர வந்த இளைஞரின் பற்கள் சீரழிந்திருந்ததைக் கண்ட அரசாங்கம், 1921இல் பெண்களைப் பாடசாலைப் பல் தாதியராகப் பயிற்றத் தொடங்கிற்று. பல்லாயிரம் பிள்ளைகள் இலவச சிகிச்சை பெற்றனர். ஆயினும், பல் துளைக்கும்போது விறைப்பு ஊசி வழக்கமாகப் போடப்படாமையாற் பிள்ளைகள் அச்சிகிச்சைக் கூடத்தைக் ‘கொலைவீடு’ என்றே அழைத்தனர். பொதுச் சேவையாயினும், சிறுவரின் வலி பெரிதன்று என்ற பழைய எண்ணம் அதனுள்ளும் ஒளிந்திருந்தது. 1950களிலே நியூசிலாந்தின் உதவியுடன் மகரகமையில் நம் நாட்டுப் பாடசாலைப் பல் தாதியர் பயிற்சியும் ஆரம்பமாயிற்று. கிராமத்துப் பிள்ளையின் வாயைப் பார்க்க அரசாங்கச் சம்பளத்தில் ஒருவர் வேண்டும் என்ற கொள்கை இவ்வாறு இங்கும் கால்கொண்டது.

மருந்தின் உடைமை பற்றிய வினாவுக்கும் இந்நாட்டிலே துணிவான விடை ஒன்று அளிக்கப்பட்டது. மருந்தியற் பேராசிரியர் சேனக்க பிபிலே, டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971இல் தயாரித்த அறிக்கையின் சாரம் யாதெனில், மருந்துகளை வியாபாரப் பெயரால் அல்லாது பொதுப்பெயரால் வாங்க வேண்டும். தேவையானவற்றை மட்டும் தெரிந்தெடுத்து, நாடு முழுவதற்கும் ஒன்றாகக் கொள்வனவு செய்ய வேண்டும் என்பதாகும். அவ்வாண்டிலேயே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, பிபிலே அதன் தலைவரானார். பன்னாட்டுக் கம்பனிகள் இதனை எதிர்த்தமை வியப்பன்று. 1977 செப்டெம்பரில் அவர் கயானா நாட்டிலே காலமானார். அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் லிடொக்கெயின் தன் பொதுப்பெயருடன் இடம்பெற்றது. 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது நம் வைத்தியசாலைகள் மருந்துத் தட்டுப்பாட்டால் தவித்தன. எவ்வளவு காலத்துக்கு முன் கண்டுபிடிக்கப்பட்ட மருந்தாயினும், அதனை வாங்கி வழங்கும் ஏற்பாடு குலைந்தால் நோயாளி பழைய காலத்துக்கே தள்ளப்படுவான் என்பதை அவ்வாண்டு நமக்கு உணர்த்திற்று.

முரசிலே ஏற்றப்படும் அச்சிறு துளி மருந்திலே பொத்தோசிச் சுரங்கத்து அடிமையின் அறிவு உண்டு. இளமையிலே மாண்ட மாணவரின் உழைப்பு உண்டு. தம் உடலையே ஆய்வுகூடமாக்கியவர்களின் தியாகம் உண்டு. ஜாவாத் தோட்டக் கூலியின் வியர்வையும் உண்டு. இத்தனை கைகளால் ஆக்கப்பட்ட ஒன்று எத்தனை கைகளுக்கு எட்டுகிறது என்பதைக் கொண்டே ஒரு சமுதாயத்தை நாம் மதிப்பிடல் வேண்டும். தோட்டத்து லயத்திலும் கடற்கரைக் குடிசையிலும் கன்னத்தைக் கையால் தாங்கியபடி இரவைக் கழிக்கும் ஒருவர் இருக்கும்வரை, இவ்வரலாறு முற்றுப்பெற்றதாகாது. அதனை முற்றுவிக்கும் பொறுப்பு வைத்தியர்களுக்கு மாத்திரமன்று, நம் அனைவருக்கும் உரியதாகும்.